மேற்கு அறை, ஒரு பசுவின் புல், வண்டியில் ஓர் இருக்கை

மேயோ மாவட்டத்தில் ஒரு காகிதம் கிடைக்கவில்லை என்றால் அது 1922ஆம் ஆண்டுத் தீயில் எரிந்துவிட்டது என்று பொருள். உள்நாட்டுப் போர் தொடங்கியபோது டப்ளினில் ஆவணக் காப்பகம் தீப்பிடித்து, பல நூற்றாண்டுக் காகிதங்கள் சாம்பலாகி நகரமெங்கும் பறந்தது உண்மைதான். ஆனால் எரிந்தது ஒரு கட்டடம். எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பத்துக் கட்டடமாவது எரிந்திருக்க வேண்டும். நிலத்தகராறா, பத்திரம் அந்தத் தீயில் போயிற்று. கல்யாணத் தேதிக்கும் மூத்த பிள்ளை பிறந்த தேதிக்கும் நடுவில் ஐந்து மாதம்தான் இருக்கிறதா, கல்யாணப் பதிவு அந்தத் தீயில் போயிற்று. ஒருமுறை வாகன வரி அலுவலகத்துக்கு வந்த விவசாயி ஒருவர், தன் டிராக்டரின் பதிவுப் புத்தகமும் அதே தீயில்தான் எரிந்தது என்றார். டிராக்டர் 1958இல் வாங்கியது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் அட்ராக்டா ருவேன்.

"தீ அவ்வளவு நாள் எரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது," என்று சொல்லி, புதுப் படிவம் ஒன்றை நீட்டினாள்.

முப்பத்தொரு வருடம் அந்தக் கவுண்டரில் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துணிக்கடை மாடியில் இரண்டு அறை, ஒரு சைக்கிள், காலணிப் பெட்டிகள் நிறைய அட்டைகள். அட்டைகளில் செத்தவர்கள் இருந்தார்கள். கோடைக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் தங்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேடி எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரியாமல், தெருவில் இருந்த ஒரே அரசு அலுவலகமான வாகன வரி அலுவலகத்துக்குள் நுழைவார்கள். கொள்ளுத்தாத்தா வாகனம் எதுவும் வைத்திருக்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அட்ராக்டா அனுப்பவில்லை. விடுமுறை நாட்களில் பேருந்து பிடித்து டப்ளினுக்குப் போய்த் தேடிக் கொடுத்தாள். பணம் வாங்கமாட்டாள். நன்றிக்கு வரும் உலர்பழக் கேக்குகளைக் கீழே துணிக்கடையில் கொடுத்துவிடுவாள். திராட்சை அவளுக்கு ஆகாது.

எல்லாக் காகிதத்தையும்விட அவளுக்குப் பிடித்தவை உயில்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பாதிரியார் பேசுவார், கணக்கெடுப்பில் போலீஸ்காரர் பேசுவார். உயிலில்தான் ஆளே பேசுவான் என்பாள். பேசுவது ஏறக்குறைய ஒரே பேச்சாக இருக்கும். மூத்த மகனுக்கு நிலம். மற்ற மகன்களுக்குக் கப்பல் டிக்கெட். மனைவிக்கு அவள் நாற்பது வருடம் கூட்டிப் பெருக்கிய வீட்டிலேயே ஓர் அறை. ஆன்மாவுக்குப் பூசைகள். அந்தப் பூசைகளும் "அயர்லாந்தில், பொதுமக்கள் முன்னிலையில்" என்று எழுதப்பட்டிருக்கும். தனியாகச் சொல்லும் பூசையைச் சட்டம் தருமக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே ஒருவர் நரகத்துக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும்போதும் வக்கீல் அந்தச் சொற்களை மறக்காமல் எழுதிவிடுவார்.

டீலியா டர்க்கன் அவளிடம் முதலில் வந்தது 1985 மார்ச்சில். அப்போது டீலியாவுக்கு அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தை நாற்பது வருடம் துடைத்தவர். கவுண்டரில் கைப்பையை வைத்தார்.

"என் அம்மா யாரு மகள்னு காகிதத்துல காட்ட முடியுமா உன்னால?"

"உங்களுக்கே தெரியுமே, டீலியா."

"எனக்குத் தெரியும். ஃபெஸ்டஸுக்குத் தெரியணும்."

ஃபெஸ்டஸ் டர்க்கன் க்ளூனடாரா கிராமத்தில் பெரிய வீட்டுக்காரர். கல்லறைத் தோட்டக் குழுவின் தலைவர். டீலியா சொன்ன கதைப்படி, அவருடைய அப்பா மார்ட்டினும் டீலியாவின் அம்மா ஹனோராவும் அண்ணன் தங்கை. 1916இல் ஹனோரா வயிற்றில் பிள்ளையோடு நின்றாள். பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று அவள் சொல்லவில்லை. மார்ட்டினும் இரண்டாம் முறை கேட்கவில்லை. வண்டியில் ஏற்றி ஏழைகள் விடுதியின் வாசலில் இறக்கிவிட்டு, வரும் வழியில் சந்தையில் இரண்டு பன்றிக்குட்டி வாங்கிக்கொண்டு வந்தார். டீலியா அந்த விடுதியில் பிறந்தார். ஐந்து வயதில் ஒரு விவசாயி வீட்டுக்கு வளர்க்கக் கொடுத்தார்கள். நாடு விடுதலையானது, விடுதியின் பெயர்ப்பலகை மாறியது, துணி துவைக்கும் தொட்டி மாறவில்லை. அந்தத் தொட்டியருகிலேயே ஹனோரா 1941இல் இறந்தாள். பின்பக்க வயலில் புதைத்தார்கள். பாதிரியாருக்கு அன்று வேறு வேலை இருந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் டீலியாவுக்கும் வேறு வேலை இருந்தது.

"கல்லுல அவ பேரு வேணும்," என்றார் டீலியா. "டர்க்கன்களோட கல்லுல. எலும்பு எங்க வேணா கெடக்கட்டும். 'மைக்கேல் டர்க்கன் மகள் ஹனோரா'. நாலு வார்த்தை. ஃபெஸ்டஸ் என்ன சொல்றான்னா, அவ வீட்டுல வேலைக்கு இருந்த பொண்ணாம். டர்க்கன்னு பேரு இருந்தா எல்லாம் எங்க வீடா, இந்த ஊர்ல கல்லெறிஞ்சா டர்க்கன் மேலதான் விழும்ங்கறான்."

"அம்மா வேற எதாவது சொல்லியிருக்காங்களா?"

"மேற்கு அறை என்னுதும்பா. பாக்கப் போறப்பல்லாம் துணி பிழிஞ்சுக்கிட்டே சொல்லுவா. அப்பா எனக்கு மேற்கு அறை குடுத்தாரு, டீலியா."

அட்ராக்டா அட்டையில் எழுதினாள்: மேற்கு அறை – குடும்பக் கதை.

தேடினாள். பங்குக்கோயில் பதிவேட்டில் ஹனோரா பிறந்த வருடம் இரண்டு ஹனோரா டர்க்கன்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். இருவருக்கும் தகப்பன் பெயர் மைக்கேல். இருவருக்கும் கிராமத்தின் பெயரை எழுதப் பாதிரியாருக்கு நேரமில்லை. 1901 கணக்கெடுப்பில் க்ளூனடாரா வீட்டில் ஹனோரா இருந்தாள். குடும்பத் தலைவன்: மார்ட்டின், இருபத்தாறு வயது, கையெழுத்து அழுத்தமானது. ஹனோரா, பன்னிரண்டு வயது. தலைவனுக்கு என்ன உறவு என்ற கட்டத்தில்: வேலைக்காரி. மிச்சம் ஓர் உயில்தான். வருடாவருடம் அச்சிட்ட உயில் பட்டியலில் ஹனோராவின் அப்பா பெயர் இருந்தது. அட்ராக்டா தன் கையாலேயே பார்த்து எழுதினாள்: மைக்கேல் டர்க்கன், க்ளூனடாரா, விவசாயி, இறப்பு 1898 பிப்ரவரி 3, உயில் பாலினாவில் பதிவு, நிறைவேற்றுபவர் மகன் மார்ட்டின். அதன் கீழே சிவப்பு மையில்: மூலம் எரிந்தது, 1922.

1904க்கு முந்திய உயில்கள் எரிந்துபோயின என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தை யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

இரண்டு கடிதங்கள் தட்டச்சு செய்தாள், ஒன்று டீலியாவுக்கு, டீலியா கேட்டுக்கொண்டபடி ஒன்று ஃபெஸ்டஸுக்கு. உயில் எரிந்துவிட்டது, கிடைத்திருக்கும் ஒரே ஆவணம் கணக்கெடுப்பு, அதில் உள்ளபடி ஹனோரா அந்த வீட்டுப் பணிப்பெண்.

டீலியா கடிதத்தை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். "அப்ப வேலைக்காரியாவே இருக்கட்டும்ங்கற?"

"காகிதம் அப்படித்தான் சொல்லுது, டீலியா."

"காகிதத்த எழுதினது யாரு?"

அட்ராக்டாவிடம் பதில் இருந்தது. ஆனால் வரிசையில் பின்னால் ஒரு லாரிக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

ஒன்பது வருடம் போயிற்று. அட்ராக்டா ஓய்வு பெற்றாள். 1994 ஜூன் மாதம் ஃபெஸ்டஸ் பழைய குடும்பக் கல்லை எடுத்துவிட்டுக் கறுப்புக் கிரானைட்டில் புதிதாக ஒன்று செய்யச் சொல்லியிருப்பதாக ஊரில் பேச்சு வந்தது. ஜூலை கடைசியில் கல்லறை ஞாயிறு. ஊர் முழுக்கக் கல்லறைகளைக் கழுவிப் பூ வைத்துவிட்டுப் பக்கத்துக் கல்லறையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கும் நாள். அதற்குள் கல் நின்றாக வேண்டும். டீலியா மளிகைக்கடையில் ஃபெஸ்டஸை மடக்கிக் கேட்டார். ஃபெஸ்டஸ் முட்டைகளை எண்ணிக்கொண்டே சொன்னார்: "பேப்பர் இருந்தா கொண்டாங்க, டீலியா. நாலு வார்த்தை என்ன, நாப்பது வார்த்தை வெட்டறேன்." பேப்பர் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அட்ராக்டாவின் கடிதம் அவர் வீட்டுக் கடிகாரத்துக்குப் பின்னால் ஒன்பது வருடமாகச் செருகியிருந்தது.

ஜூலை ஆறாம் தேதி அட்ராக்டா டப்ளினுக்குப் போனது வேறு ஒருவருக்காக. கிளீவ்லாந்தில் ஒரு பல் வைத்தியர். அவருடைய முப்பாட்டன் 1881இல் எதை யாருக்கு விட்டுவிட்டுச் செத்தான் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவள் பட்டியலில் பெயரைப் பார்த்தாள், வழக்கம்போலச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஜலதோஷம் பிடித்த ஒரு இளம் ஊழியர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் மேடம், உயில் வேணாமா?"

"எரிஞ்சு போனத எப்படித் தருவீங்க?"

"எங்க பதிவானது?"

"பாலினா."

"அப்ப எரியல. டப்ளின் தலைமைப் பதிவகத்துல போட்டதுதான் பெரும்பாலும் போயிடுச்சு. மாவட்டப் பதிவகங்கள்ல, மூலத்த டப்ளினுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அங்கயே ஒரு பெரிய நோட்டுல வார்த்தைக்கு வார்த்தை பாத்து எழுதி வெச்சுக்கிட்டாங்க. எரிஞ்சது மூலம். நோட்டு அப்ப டப்ளின்லயே இல்ல."

அட்ராக்டா பேனாவை மூடினாள். "அந்த நோட்டு எப்பலேர்ந்து இருக்கு?"

"எப்பவுமே இருக்கு."

"யாரும் எனக்குச் சொல்லலையே."

"நீங்க கேக்கலையே, மேடம்," என்று சொல்லித் தும்மினார்.

பட்டியலில் இடத்தின் பெயரைப் போட்டிருந்தது இதற்குத்தான். முகவரிக்காக அல்ல. பதினைந்து வருடமாக அந்த இடப்பெயரைப் பட்டியலிலிருந்து அட்டைக்குப் பிழையில்லாமல் மாற்றி எழுதி, அதற்குக் கீழேயே 'எரிந்தது' என்று எழுதியவள் அவள். டிராக்டர்காரரைக் கேலி செய்தவளும் அவள்தான்.

பல் வைத்தியரை விட்டுவிட்டு 1898ஆம் வருடத்துப் பாலினா மைக்ரோஃபிலிமைக் கேட்டாள். திரையில் எழுத்தரின் கையெழுத்து சாய்ந்து சாய்ந்து ஓடியது. நாற்பதாவது படத்தில் மைக்கேல் டர்க்கன் வந்தார். நிலமும் வீடும் மகன் மார்ட்டினுக்கு. ஆன்மாவுக்கு ஐந்து பவுண்டுப் பூசைகள், அயர்லாந்தில், பொதுமக்கள் முன்னிலையில். அப்புறம்:

"தற்போது ஒன்பது வயதான என் மகள் ஹனோராவுக்கு, அவள் மணமாகாமல் இருக்கும் காலம் முழுவதும், என் வீட்டின் மேற்கு அறையும், அடுப்பருகில் ஓர் இடமும், ஒரு பசு மேயும் அளவு புல்லும், ஞாயிறுதோறும் பூசைக்குப் போகும் வண்டியில் ஓர் இருக்கையும், இறந்தபின் என் கல்லறையில் ஓர் இடமும். இவற்றை என் மகன் மார்ட்டின் முணுமுணுக்காமல் தர வேண்டும்."

கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் தன் மகன் முணுமுணுப்பான் என்பதைத் தெரிந்துவைத்திருந்தார்.

அட்ராக்டா மூன்று முறை படித்தாள். தகப்பன் செத்து மூன்று வருடம் கழித்து, கணக்கெடுப்புப் படிவத்தில் மார்ட்டின் அந்தப் பெண்ணை வேலைக்காரி ஆக்கியிருக்கிறார். மகளுக்கு அறை உண்டு, வேலைக்காரிக்குக் கிடையாது. ஒரு சொல் எழுதப் பேனாவுக்கு என்ன நேரம் ஆகிவிடப் போகிறது. அதன் பிறகு பதினைந்து வருடம் கழித்து, மணமாகாமல் பிள்ளை பெறப்போகிறாள் என்று அவளை வெளியே தள்ளினார். உயில் அவளிடம் கேட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று, அவள் மணமாகாமல் இருக்க வேண்டும் என்பது. அதை அவள் துணி துவைக்கும் தொட்டியருகில் சாகும்வரை ஒரு குறையும் இல்லாமல் நிறைவேற்றியிருக்கிறாள்.

மறுநாள் காலை அட்ராக்டா டீலியா வீட்டுக் கதவைத் தட்டினாள். ஊராட்சி கட்டிக்கொடுத்த சிறு வீடு. டீலியா மேஜையில் குதிரைப் பந்தயப் பக்கத்தை விரித்து வைத்துப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார்.

"டீலியா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"உக்காரு. எப்ப?"

"1985ல."

டீலியா பென்சிலைக் கீழே வைத்தார். அட்ராக்டா எல்லாவற்றையும் சொன்னாள், நோட்டு, பாலினா, தும்மல் உட்பட. பிறகு நகலை நீட்டினாள். டீலியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். 'மேற்கு அறை' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"ஒம்பது வருஷமா இது இருந்துச்சா?"

"தொண்ணூத்தாறு வருஷமா இருந்துச்சு. ஒம்பது வருஷம் என்னால."

"நீ வரி ஆபீஸ்ல இருந்தவ," என்றார் டீலியா. "அந்த ஆபீஸுக்கு ஒம்பது வருஷம் அப்படி ஒண்ணும் அதிகமில்ல." பிறகு கண்ணாடியைக் கழற்றாமலே, "அவ பொய் சொல்லல, பாரு. விடுதியில இருந்த கன்னியாஸ்திரீங்க என்னா சொன்னாங்க தெரியுமா? உங்க அம்மாவுக்குப் புத்தி கொஞ்சம் பிசகு, இல்லாத ரூமப் பத்திப் பேசிக்கிட்டே இருக்கான்னாங்க."

அட்ராக்டாவுக்குத் தன் அட்டையில் எழுதிய 'குடும்பக் கதை' நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள ஒரு காலைப்பொழுது போதாது.

அன்று மாலையே இருவரும் க்ளூனடாராவுக்குப் போனார்கள். ஃபெஸ்டஸின் மனைவி கன்செப்டா சமையலறையில் உட்காரவைத்து, டீ ஊற்றி, பன்றிக்கறி வைத்த ரொட்டியை அடுக்கினார். யார் வந்தாலும், எதற்கு வந்தாலும், அந்த வீட்டில் முதலில் ரொட்டி வரும். அட்ராக்டா உயிலைப் படித்தாள். ஃபெஸ்டஸ் நெருப்பையே பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் எழுந்து போய்க் கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்தார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"என்னுதுதான்."

"உயில் எரிஞ்சு போச்சு, ஹனோரா பணிப்பெண். நீதான் எழுதியிருக்க. இப்ப எரியலங்கற. நாளைக்கு என்னங்குவ?"

"அன்னைக்கு நான் பாக்காம எழுதினேன். இன்னைக்குப் பாத்துட்டு வந்திருக்கேன்."

"பாக்காமயா எழுதின? முத்திரையெல்லாம் வெச்சிருக்கு."

"வரி ஆபீஸ் முத்திரை அது. ஆபீஸ் தாளுல தட்டச்சு பண்ணிட்டேன். அதுவும் தப்புதான்."

ஃபெஸ்டஸ் உட்கார்ந்தார். "சரி. தாத்தாவுக்கு ஹனோரான்னு ஒரு மகள் இருந்தா. இருந்துட்டுப் போகட்டும். அவ அமெரிக்கா போயிருப்பா. வேலைக்கு வந்தவ வேற ஹனோரா."

"பன்னெண்டு வயசுக்குள்ள மகள் கப்பலேறிட்டா," என்றாள் அட்ராக்டா. "அவ போன எடத்துக்கு அதே பேருல, அதே குடும்பப் பேருல, அதே வயசுல ஒரு வேலைக்காரி வந்து சேந்தா. அந்த வேலைக்காரி சாகற வரைக்கும் மேற்கு அறை என்னுதுன்னு சொல்லிக்கிட்டிருந்தா. அப்படித்தானே, ஃபெஸ்டஸ்?"

கன்செப்டா டீ ஊற்றுவதை நிறுத்தினார். ஃபெஸ்டஸ் அடுத்துக் கேட்ட கேள்வியை அட்ராக்டா எதிர்பார்க்கவில்லை.

"அந்த அறை இப்ப யாருக்குச் சேரும்?"

மேற்கு அறையில்தான் அவர் தொலைக்காட்சி வைத்திருந்தார். புது ஜன்னலும் போட்டிருந்தார்.

"எனக்குப் புரியுது, ஃபெஸ்டஸ்," என்றாள் அட்ராக்டா. "அறையப் பத்தித்தானே?"

"அறை, புல்லு, எல்லாந்தான். உயிலுன்னா உயிலுதானே. இவங்க கேஸு போட்டா?"

அட்ராக்டாவுக்குப் பதில் நன்றாகத் தெரியும். அந்த உரிமை ஹனோராவின் உயிரோடு முடிந்துவிட்டது. டீலியாவுக்கு அதில் ஒரு புல்கூட வராது. அவள் பொய் சொல்லவில்லை. கோப்பையை எடுத்து டீயை ஒரு வாய் குடித்தாள். பிறகு இன்னொரு வாய். ஃபெஸ்டஸின் நெற்றியில் வேர்வை அரும்புவது தெரிந்தது. இன்னும் இரண்டு வாய் குடித்தால் கல்லில் நாற்பது வார்த்தையும் வந்துவிடும். அநியாயம் செய்தவர்களுக்குச் சட்டம் தெரியாது என்பது ஏழைகளுக்கு எப்போதாவதுதான் சாதகமாக அமைகிறது; அதை ஏன் கெடுப்பது என்று அவள் நினைத்தாள்.

டீலியா கெடுத்தார்.

"அவ செத்ததோட அந்த உரிமை செத்துப் போச்சு, ஃபெஸ்டஸ். எனக்கு வீடு இருக்கு. உன் டிவிய நீயே பாரு."

"அப்படியா, அட்ராக்டா?"

"அப்படித்தான்," என்றாள் அட்ராக்டா. கோப்பை காலியாகிவிட்டிருந்தது.

ஃபெஸ்டஸின் தோள்கள் இறங்கின. வந்திருந்த பயம் போய்விட்டது; அதோடு இரக்கமும் போய்விடும்போல இருந்தது. ரொட்டி ஒன்றை எடுத்தார். "கல்லுல எழுத்து வெட்ட ஆரம்பிச்சாச்சு, டீலியா. எங்கப்பா பேரு நடுவுல வருது. அவரு தங்கச்சியக் கொண்டுபோய் விடுதியில தள்ளினாருன்னு அவர் பேருக்குக் கீழயே எழுதச் சொல்றீங்களா? ஊரு பாக்கும்ல."

"தள்ளினாருன்னு எழுத வேணாம். மகள்னு எழுது."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஆமா," என்றார் டீலியா. "ஒண்ணுதான்."

அதுவரை பேசாமல் இருந்த கன்செப்டா துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "ஃபெஸ்டஸ், நீ உயில் எழுதிட்டியா?"

"இப்ப எதுக்கு அது?"

"எழுதிட்டியா?"

"இன்னும் எழுதல. எழுதுவேன்."

"முப்பத்தெட்டு வருஷமா இந்த அடுப்புல நிக்கறேன். எழுதறப்ப எனக்கு எந்த அறை?"

"என்ன பேச்சு இது. வீடே உன்னுதுதான்."

"காகிதத்துல?"

ஃபெஸ்டஸ் ரொட்டியை மென்றார்.

"அப்ப நீ எழுதற வரைக்கும் நானும் இந்த வீட்டு வேலைக்காரிதான்," என்றார் கன்செப்டா. "கணக்கெடுக்க வந்தா அப்படியே எழுதிக் குடு. அப்புறம் நம்ம பொண்ணு எந்த விடுதிக்குப் போவான்னும் இப்பவே சொல்லிடு, துணிமணி எடுத்து வெக்கிறேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. எழுந்து கூடத்துக்குப் போனார். தொலைபேசி சுழலும் ஓசை கேட்டது. "கல் பட்டறையா? க்ளூனடாரா டர்க்கன் வீட்டுலேர்ந்து. மார்ட்டினுக்குக் கீழ இன்னொரு பேரு சேக்கணும். எடம் இருக்கா? ... இல்லன்னா மார்ட்டினக் கொஞ்சம் மேல தள்ளுங்க... வெட்டியாச்சா? அப்ப 'அன்புக்குரிய'ன்னு போட்டிருக்கீங்கல்ல, அத எடுத்துடுங்க, எடம் வரும்."

ஃபெஸ்டஸ் அட்ராக்டாவைப் பார்த்தார். அட்ராக்டா ரொட்டியைப் பார்த்தாள்.

"முணுமுணுக்காமல்னு போட்டிருக்கு," என்றார் டீலியா, நகலை மடித்துக்கொண்டே.

ஃபெஸ்டஸ் முணுமுணுக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து, கூடத்தை நோக்கி, "சாவுத் தேதி கேப்பாங்க, கன்செப்டா," என்றார். பிறகு டீலியாவிடம் திரும்பி, "தேதி என்ன?" என்றார்.

"நவம்பர் பத்தொம்பது. நாப்பத்தொண்ணு."

அதை அவரே எழுந்துபோய்த் தொலைபேசியில் சொன்னார்.

கல்லறை ஞாயிறன்று மழை பெய்தது. அது செய்தியல்ல. புதுக் கல்லின் முன் வழக்கத்தைவிட அதிகம் பேர் நின்றார்கள். மைக்கேல் டர்க்கன், அவர் மகன் மார்ட்டின், மைக்கேல் டர்க்கன் மகள் ஹனோரா, 1941. மகள் என்ற சொல்லைப் படித்துவிட்டு ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். ஒருவர், பழைய கல்லில் இந்தப் பெயர் ஏன் இல்லை என்று கேட்டார். இன்னொருவர், பதிவெல்லாம் 1922இல் எரிந்ததே, அதனால்தான் என்று விளக்கினார். கேட்டவருக்குத் திருப்தியாக இருந்தது. குடைக்குள் நின்ற அட்ராக்டா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். ஒரு நாளைக்கு ஒரு தீயைத்தான் அணைக்க முடியும்.

வீட்டில் காலணிப் பெட்டிகளைக் கொட்டிப் பார்த்தாள். சிவப்பு மையில் 'எரிந்தது' என்று எழுதிய அட்டைகள் இருநூற்றுப் பதினொன்று. அவற்றில் நூற்று நாற்பத்தாறில் பாலினா, டூவாம், கேவன் என்று ஏதோ ஒரு மாவட்டத்தின் பெயர் அவள் கையெழுத்திலேயே இருந்தது. முதல் அட்டை 1979இல் ஸ்க்ராண்டனிலிருந்து வந்த ஒரு செவிலியருடையது. 'நான் பார்க்காமல் எழுதிவிட்டேன்' என்று தொடங்கிக் கடிதம் எழுதினாள். பதில் செவிலியரின் மகளிடமிருந்து வந்தது. இரண்டாவது கடிதத்தை எழுதினாள். சனிக்கிழமைகளில் டப்ளின் பேருந்தில் அவளுக்கு இப்போது நிரந்தர இருக்கை.

இன்னொரு இருக்கையும் ஏற்பாடானது. கல்லறை ஞாயிறுக்கு அடுத்த வாரம் காலை பத்தரை மணிக்கு ஃபெஸ்டஸின் கார் டீலியா வீட்டு வாசலில் வந்து நின்றது. முன் இருக்கை காலியாக இருந்தது. கன்செப்டா பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்ன இது?" என்றார் டீலியா.

"பூசைக்குப் போற வண்டியில ஒரு இருக்கை," என்றார் ஃபெஸ்டஸ், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "போட்டிருக்குல்ல."

"அந்த உரிமை செத்துப் போச்சுன்னேனே."

"தெரியும். ஏறுங்க, நேரமாச்சு."

ஐம்பத்துமூன்று வருடமாகப் பூசைக்குப் போகாதவர் டீலியா. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு ஏறினார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஏறுகிறார். கோயில் வாசலில் ஃபெஸ்டஸும் கன்செப்டாவும் இறங்கி உள்ளே போவார்கள். டீலியா இறங்கித் தெருவைக் கடந்து செய்தித்தாள் வாங்கிக்கொண்டு வந்து, முன் இருக்கையிலேயே உட்கார்ந்து, பூசை முடியும்வரை குதிரைகளைக் குறித்துக்கொண்டிருப்பார். உயிலில் இருக்கையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது. உள்ளே போக வேண்டும் என்று எழுதவில்லை. அட்ராக்டா சரிபார்த்துவிட்டாள்.